பவளத்துக்கு ஆவாத தண்ணி

எனக்கு சந்தேக புத்தி. இதை நானே சொல்லிடுறேன், வேற எவளும் வந்து சொல்ல வேணாம். காய்க்காரி பிஞ்சும்மான்னு சத்தியம் பண்ணாலும் வெண்டைக்கா நுனியை ஒடிச்சிப் பாத்துட்டுதான் கூடையில போடுவேன். பால்காரன் எதிர்லயே பாலை சுண்டு விரல்ல தொட்டு வழியவுட்டுப் பாப்பேன். கோயில்ல குடுக்குற விபூதியைக்கூட மோந்து பாக்குறவன்னு எங்க ஊட்டுக்காரரு கிண்டல் பண்ணுவாரு. அப்பேர்ப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்துல ஒரு வருஷம் கண்ணை மூடிக்கினு இருந்தேன். இப்ப நெனச்சாலும் என் மேலயே கோவம் வருது.

அப்போ நாங்க பொன்னேரியில, ஸ்டேஷனுக்குப் பின்னாடி ஒரு ஒண்டுக்குடித்தனத்துல இருந்தோம். கும்மிடிப்பூண்டியில கம்பெனிங்க ஒண்ணொண்ணா வந்துக்கினு இருந்த நேரம். அதுல ஒண்ணுல அவரு ஃபிட்டர். காலையில ரயிலேறிப் போனா சாயங்காலம் திரும்பிடுவாரு. அவரு நெல்லு வெளையிற ஊர்க்காரரு. நான் பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கம், கடலோரக் குப்பத்துல பொறந்தவ. நான் பள்ளிக்கூடம் போன பஸ்ஸுலதான் அவரும் வேலைக்குப் போவாரு. அது எங்க கொண்டாந்து வுடும்னு நான் சொல்லியா தெரியணும்?

தாலி ஏறுன கையோட அவங்க ஊட்ல கதவைச் சாத்துனாங்க. எங்க குப்பத்துல ஊர்க்கூட்டம் போட்டு கட்டுப்பாடு வெச்சாங்க. கட்டுப்பாடுன்னா, எங்க ரெண்டு பேர்கிட்ட ஊர் ஜனம் பேசக்கூடாது, எங்க நல்லது கெட்டதுக்கு வரக்கூடாது, எங்களைப் படகுல ஏத்தக்கூடாது. மீறுனா அவங்களுக்கும் அதே கதி. குப்பத்துக்கும் எங்களுக்கும் நடுவுல ஏரி. படகுல ஏத்தலன்னா போற வழியே கெடையாது. நைனா அந்தக் கூட்டத்துல தலையைக் குனிஞ்சுக்கினு உக்காந்திருந்தாராம், ஒரு வார்த்தை பேசலையாம். எங்க பக்கம் அப்பாவை நைனான்னுதான் கூப்புடுவோம்.

கல்யாணமாயி ஆறாவது மாசம் அவரு ஒரு தொட்டி செஞ்சிக்கினு வந்தாரு. இரும்பு ஆங்கிள்ல சட்டம் அடிச்சி, நாலு பக்கமும் கண்ணாடி வெச்சி, தண்ணி ஒழுகாம புட்டி பூசி, ரெண்டு முழ நீளம்.

"இன்னாங்க இது, பூனை குளிக்கவா?"ன்னேன்.

"நீ கடலை வுட்டுட்டு வந்துட்டியே. அதான் கடலை ஊட்டுக்கே கொண்டாரலாம்னு."

எனக்குச் சிரிப்பு வந்துது. மீனைக் குழம்புல பாத்து வளந்தவ நான், அதைக் கண்ணாடிக்குள்ள வுட்டு வேடிக்கை பாக்க எனக்கு இன்னா தலையெழுத்து? ஆனா உள்ளுக்குள்ள சந்தோஷமாதான் இருந்துது, அதையும் மறைக்கக்கூடாது. மெட்ராஸுக்குப் போயி மூர் மார்க்கெட்ல ஒரு காத்து மோட்டார் வாங்கியாந்தாரு. அது நாள் பூரா கொர்ருன்னு கத்தும். தொட்டியில ரெண்டு கீச்சான் குஞ்சு வுட்டாரு. ஒடம்புல கறுப்புக் கோடு போட்ட மீனு. எங்க ஏரியில எங்க வலை போட்டாலும் மாட்டும், எந்தத் தண்ணியிலயும் பொழைக்கும்.

ஞாயித்துக்கிழமை ஆனா பிளாஸ்டிக் கேனைத் தூக்கிக்கினு பழவேற்காடு பஸ்ஸு ஏறுவாரு, தொட்டிக்குக் கடல் தண்ணி கொண்டார. எண்ணூருக்கு ரயில்ல போனாலும் கடல்தானேன்னு நான் கேட்டேன். அங்க தண்ணியில எண்ணெய் மெதக்குதுன்னாரு. மொத வாட்டி போய்ட்டு வந்தப்போ கேனை எறக்கி வெச்சிட்டு மெதுவா சொன்னாரு.

"உங்க ஊர் படகுலதான் அக்கரைக்குப் போனேன். யாருக்கும் தெரியாம ஏத்திக்கினாங்க. கரையில உங்க நைனா நின்னுக்கினு இருந்தாரு."

அவரு கையைப் புடிச்சேன். "பேசுனாரா?"

"'அவளுக்குச் சூட்டு ஒடம்பு, தலைக்கு எண்ணெ வெச்சிக்கச் சொல்லு'ன்னாரு."

நான் அன்னிக்கி ஒரு பாட்டம் அழுதேன். அப்பால வாரா வாரம் கேனு வரும், கூடவே நைனா சொன்னதும் வரும். இந்த வாரம் எறா நல்லா பட்டுதாம். வலையைப் புதுசா முடிஞ்சுக்கினு இருக்காராம். வாடைக்காத்து அடிக்குது, மாரை மூடிக்கினு படுக்கச் சொன்னாராம். நானும் வரேனேன்னு கேட்டா, ஊர் கொஞ்சம் அடங்கட்டும்னாராம். நீ எங்கியும் வாயை வுட்டுடாத, தெரிஞ்சா அவங்களையும் ஒதுக்கிடுவாங்கன்னு இவரு வேற சொல்லி வெப்பாரு. வெண்டைக்காயை ஒடிச்சிப் பாக்குறவ, இதுல ஒண்ணைக்கூட ஒடிச்சிப் பாக்கல. மீனு பட்டது, காத்து திரும்புனது எல்லாம் அந்தந்த வாரத்துக்குச் சரியா இருந்துதே, எப்படி சந்தேகம் வரும்?

அந்த மார்கழியில எனக்கு நாள் தள்ளிப் போயிருந்துது. ரெண்டு மாசம். ஞாயித்துக்கிழமை அவரு கேனோட வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்கு மொத நாள் சாயங்காலம் அவருகூட வேலை பாக்குற ராமநாதபுரத்துக்காரர் ஊட்டுக்கு வந்தாரு. தொட்டியைக் குனிஞ்சு பாத்துட்டு, "இதுல பவளம் வெச்சா எப்புடி இருக்கும் தெரியுமா தங்கச்சி"ன்னாரு.

பவளம்னா நகைக்கடையில இருக்குறதைத்தான் நான் பாத்திருக்கேன். அவரு அது இல்லன்னாரு. அவங்க ஊர் கடலுக்கடியில பாறை மாதிரி கெடக்குமாம், ஆனா உசுரு. சின்னச் சின்ன ஓட்டைக்குள்ளேர்ந்து பொடி விரலு மாதிரி நீட்டி நீட்டி உள்ள இழுத்துக்குமாம். பொங்கலுக்கு ஊருக்குப் போறப்போ ஒரு துண்டு எடுத்து, வாளியில கடல் தண்ணியோட ரயில்ல கொண்டாறேன்னாரு.

"ஒண்ணு மட்டும் பாத்துக்கணும். அசல் கடல் தண்ணி வேணும். ஆத்துத் தண்ணி, ஏரித் தண்ணி கலந்துச்சுன்னா ரெண்டு நாள்ல வெளுத்துச் செத்துப் போயிரும். ஒங்க வீட்டுக்காரருக்கு என்ன கவலை, வாராவாரம் கடலுக்குப் போற ஆளு."

நான் எங்க ஊட்டுக்காரரைப் பாத்தேன். துள்ளிக் குதிப்பாருன்னு பாத்தா, மனுஷன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. தொட்டி சின்னதுன்னாரு. யோசிச்சிச் சொல்றேன்னாரு.

எனக்குச் சுருக்குன்னுது. தொட்டிக்குப் பின்னாடி பவளப்பாறை படத்தை ஏதோ புஸ்தகத்துலேர்ந்து கிழிச்சி ஒட்டி வெச்சவரு இவருதான். ஒரு நாள் இதுல நெசப் பவளம் வெப்பேன்னு மாசக்கணக்கா ஜெபம் பண்ணவரும் இவருதான். கைக்கு வர்றப்போ எதுக்கு ஒதறுறாரு? மக்கா நாள் அவரு கேனோட வந்து, "நைனா உன்னை ஜாக்கிரதையா இருக்கச் சொன்னாரு"ன்னாரு. சொல்ல நெனச்சதை நான் சொல்லல. பவளம் இன்னா ஆச்சுன்னு கேட்டேன். வெளிச்சம் பத்தாதுன்னாரு. திங்கக்கிழமை கேட்டா நம்ம ஓட்டு ஊட்டுச் சூடு தாங்காதுன்னாரு. செவ்வாய்க்கிழமை கேட்டா கீச்சான் கொத்திடும்னாரு. ஒரு காரணம் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். நாலு சொன்னாரு.

அந்த வாரமே பக்கத்து போர்ஷன்காரிகிட்ட சண்டை வேற. உப்பு ஜாடியில கல்லுப்பு கொறைஞ்சுக்கினே வந்துது. ரெண்டு பேரு ஆக்கித் துன்ற ஊட்ல இம்மாம் உப்பு எங்க போவும்? அவதான் நான் கொழாயடிக்குப் போறப்போ கை வெக்கிறான்னு எனக்குத் தோணிப் போச்சு, கேட்டுட்டேன். அவ இடுப்புல கையை வெச்சிக்கினு சொன்னா:

"உன் உப்பு எனக்கு இன்னாத்துக்கு மே? ஞாயித்துக்கிழமை ஆனா தண்ணி மொள்ளப் போறேன்னு சட்டையை இஸ்திரி போட்டுக்கினு போறாரே உன் ஊட்டுக்காரரு, அதை மொதல்ல பாரு. தண்ணி மொள்றவனுக்கு எதுக்கு மே இஸ்திரி?"

ஆமா, அந்தச் சட்டை. கம்பெனிக்குக்கூட கசங்கலாத்தான் போவாரு. ஞாயித்துக்கிழமை மட்டும் வெள்ளைச் சட்டை, படியச் சீவுன தலை. திரும்பி வர மதியம் தாண்டிடும். சில நாளு கையில எறா பொட்டலம், தெரிஞ்ச அக்கா ஒருத்தவங்க குடுத்தாங்கன்னுவாரு. எந்த அக்கா? நானும் இவ்ளோ நாளு அதை ஆக்கித் துன்னுருக்கேனே.

அப்ப எனக்கு இருந்த பயம் இதுதான். பொறந்த ஊட்ல கட்டுப்பாடு, புகுந்த ஊட்ல கதவு சாத்தி. இவரும் ஏமாத்துறவருன்னா, வவுத்துல இருக்குறதைத் தூக்கிக்கினு நான் எங்க போவேன்? இந்த ஆளு யோக்கியன்னு தெரியிற வரைக்கும் புள்ளை சமாச்சாரத்தைச் சொல்லக்கூடாதுன்னு வாயைக் கட்டிக்கினேன். கோவம் வந்தா நான் அவரை யோவ்னுதான் கூப்புடுவேன். அந்த வாரம் யோவ்கூட சொல்லல.

வியாழக்கெழமை அவரு வேலைக்குப் போனதும் கேன் முன்னாடி உக்காந்தேன். அடியில கொஞ்சம் தண்ணி மிச்சம் இருந்துது. அதுவரைக்கும் நான் அந்தக் கேனைத் தொட்டதில்ல. மூடியைத் தொறந்தா ஊர் வாசனை வரும், மனசு தாங்காதுன்னு அவருகிட்டயே வுட்டுடுவேன். அன்னிக்கி தொறந்து, ரெண்டு சொட்டு எடுத்து நாக்குல வெச்சேன்.

எங்க ஊர்ல வலை எறக்குறதுக்கு முன்னாடி தண்ணியை நாக்குல வெச்சிப் பாப்பாங்க. முகத்துவாரம் வழியா கடல் உள்ள ஏறியிருக்கா, இல்ல ஆத்து வெள்ளம் எறங்கியிருக்கான்னு நாக்குதான் சொல்லும். கடல் தண்ணி மொதல்ல உப்பு கரிக்கும், அப்பால பின்நாக்குல ஒரு கசப்பு வந்து ஒக்காரும், துப்புனாலும் போவாது. பேசத் தெரியாத வயசுப் புள்ளைக்குக்கூட எங்க குப்பத்துல அது தெரியும். இந்தத் தண்ணியில உப்பு இருந்துது. கசப்பு இல்ல. மழை முடிஞ்ச மாசத்து ஏரித் தண்ணி, அதுல கல்லுப்பைக் கரைச்சிப் போட்டிருக்கு. உப்பா இருந்தா கடல்னு நெனைக்கிறவன் நெல்லு வெளையிற ஊர்க்காரன்தான்.

ஜாடி ஏன் கொறைஞ்சுதுன்னு புரிஞ்சுது. பவளம் ஏன் வேணாம்னும் புரிஞ்சுது. கீச்சான் காட்டிக் குடுக்காது, பவளம் ரெண்டே நாள்ல காட்டிக் குடுத்துடும். ஏரித் தண்ணி மொண்டாந்தா ஏரியைத் தாண்டலன்னு அர்த்தம். அப்ப அரை நாளு இந்த மனுஷன் எவ ஊட்ல உக்காந்திருக்காரு? என் புத்தி அங்கதான் போச்சு. வேற எங்கியும் போவல.

ஞாயித்துக்கிழமை அவரு கெளம்புனதும் அடுத்த பஸ்ஸுல நான் ஏறுனேன். முக்காடு போட்டுக்கினு, படகுத்துறையில கருவாடு காயப் போட்ட எடத்துல அடுக்கி வெச்ச கூடைங்களுக்குப் பின்னாடி போய் நின்னேன். கையும் களவுமா புடிச்சி, அங்கியே நாலு பேரு எதிர்ல நாறடிக்கணும்னு வந்தவ நான்.

அவரு துறையிலதான் நின்னாரு. வெள்ளைச் சட்டை, கையில கேனு. எங்க குப்பத்துப் படகு ஒண்ணு ஆளு ஏத்திக்கினு இருந்துது. படகோட்டி எனக்கு அண்ணன் முறை. அவன் கல்யாணத்துக்கு ஆரத்தி எடுத்தவ நான். இவரு கிட்டப் போயி ஏதோ கேட்டாரு. அவன் மாட்டேன்னு சொல்லல. இவரு நிக்கிற எடத்துல யாருமே இல்லாத மாதிரி தண்ணியைப் பாத்துக்கினு கழியை ஊனுனான். படகு போச்சு. இன்னொரு படகு வந்துது. இவரு சட்டையை இழுத்து வுட்டுக்கினு மறுபடியும் போனாரு. அவங்களும் அதே மாதிரி. தலையில கூடை வெச்ச ஒரு பொம்பளை, எங்க தெருக்காரி, இவரு நெழலு மேல படாம சுத்திக்கினு போயி ஏறுனா.

அப்பால அவரு நான் ஒளிஞ்ச கூடைங்களுக்கு அந்தப் பக்கம், எறா விக்கிற ஒரு அம்மாகிட்ட வந்து குந்துனாரு. தலை நரைச்ச அம்மா, வேற ஊரு, கட்டுப்பாடு அவங்களை ஒண்ணும் பண்ணாது. எனக்கும் அவருக்கும் நடுவுல கூடைதான்.

"இந்த வாரம் அக்கரையில இன்னாக்கா பட்டுது?"

"எறா கொறைஞ்சிடுச்சு. மடவை மீனுதான். வாராவாரம் அந்தக் குப்பத்துக் கதையே கேக்குறியே, உனக்கு வேற வேலை இல்லியா?"

"அந்த ஒசரமான பெரியவரு, காதுல கடுக்கன் போட்டிருப்பாரே, எப்படி இருக்காரு?"

"அவரா? மூட்டு வலி. கடலுக்குப் போறதில்ல, ஏரியோட சரி."

அவரு தலையை ஆட்டிக்கினு அதை மனப்பாடம் பண்ற மாதிரி உக்காந்திருந்தாரு. அப்பால படியில எறங்கி கேனை நெரப்பி, இஸ்திரி போட்ட சட்டைப் பையிலேர்ந்து ஒரு பொட்டலம் எடுத்துப் பிரிச்சி, என் ஜாடி உப்பை அதுல கொட்டிக் குலுக்குனாரு.

எவளும் இல்ல. எனக்கு அப்ப நிம்மதி வந்திருக்கணும். வந்துது, ஒரு நிமிஷம். அதுக்கப்பாலதான் ஒறைச்சுது. ஏரியைத் தாண்டாதவரு நைனாவை எங்க பாத்தாரு? தலைக்கு எண்ணெ வெச்சிக்கன்னது, மாரை மூடிக்கினு படுன்னது, ஊர் அடங்கட்டும்னது, ஒரு வருஷமா நான் நெஞ்சுக்குள்ள வெச்சிப் பூட்டுனது அத்தினியும் இந்த ஆளு பஸ்ஸுல உக்காந்து கட்டுனது. நைனா என்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. பேசவே இல்ல. கூடைக்குப் பின்னாடியே வாயைப் பொத்திக்கினு அழுதேன். அந்த ஆளைப் போயி அறையணும் போல இருந்துது, காலைக் கட்டிக்கினு அழணும் போலயும் இருந்துது. ரெண்டும் செய்யாம, நின்னுக்கினு இருந்த பஸ்ஸுல ஏறி அவருக்கு முன்னாடி ஊடு வந்து சேந்தேன்.

அவரு வந்ததும் வழக்கமா கேக்குறதைக் கேட்டேன், குரலு கொஞ்சம் கடுமையாத்தான் வந்துது. "நைனா இன்னா சொன்னாரு?"

"மூட்டு வலியாம். கடலுக்குப் போறதில்லையாம், ஏரியோட சரியாம்." கேனை எறக்கிட்டு மூடியைத் திருகிப் பாத்தாரு. "உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு, நீ கவலைப்படுவியாம்."

பஸ்ஸுல வர்றப்போ நான் தெரட்டி வெச்சிருந்த வசவை எல்லாம் வுட்டுட்டு சோத்துப் பானையை எறக்குனேன். மூட்டு வலி நெசம். மிச்சம் இவரு. அந்த மிச்சத்தை வெச்சித்தான் நான் ஒரு வருஷம் தூங்கி எழுந்திருக்கேன்.

"ராமநாதபுரத்துக்காரரு நாளைக்குக் கெளம்புறாரு"ன்னாரு அவரே. "இன்னா சொல்லட்டும்? உனக்கு ஆசைன்னா சொல்லு, எப்படியாவது இன்னும் நல்ல தண்ணியா கொண்டாறேன்."

எப்படியாவதுன்னா எப்படின்னு எனக்குத் தெரியும். நெழலு படாம சுத்திக்கினு போறவங்க எதிர்ல இன்னும் ரெண்டு மணி நேரம் நிப்பாரு.

"வேணாங்க"ன்னேன். "அது இருக்குற எடத்துலயே இருக்கட்டும். நம்ம தண்ணிக்குக் கீச்சான் போதும்."

அவரு மூச்சு வுட்ட சத்தம் எனக்குக் கேட்டுது. அந்த மூச்சைக் கேட்டதும் எனக்கு எல்லாக் கோவமும் போச்சுன்னு சொன்னா பொய். பாதி போச்சு. தட்டுல சோத்தைப் போட்டுக்கினே சொன்னேன்.

"அடுத்த வாரம் போறப்போ நைனாகிட்ட ஒண்ணு சொல்லுங்க."

"இன்னான்னு?"

"நான் முழுகாம இருக்கேன்னு."

அவரு சோத்துல வெச்ச கையை எடுத்துட்டு எழுந்து போயி, நல்லா ஓடிக்கினு இருந்த மோட்டாரைத் தட்டித் தட்டிப் பாத்துக்கினு திரும்பாமலே நின்னாரு. தோளு ரெண்டும் ஆடிக்கினு இருந்துது. எனக்கு எல்லாம் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சிதா இல்லையான்னு நான் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல.

அந்த வாரம் உப்பு ஜாடியை நெரப்பி வெச்சேன். பக்கத்து போர்ஷன்காரிகிட்ட மன்னிப்பு கேக்கல. உப்பைப் பத்தி நான் பேசுனது தப்பு, சட்டையைப் பத்தி அவ பேசுனது தப்பு, அதுக்கு இது சரியாப் போச்சு.

ஞாயித்துக்கிழமை அவரு மொத பஸ்ஸுக்கே போனாரு. திரும்பறப்போ பொழுது சாய்ஞ்சிடுச்சு. கேனை வாசல்லயே வெச்சிட்டு உள்ள வந்தாரு.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. துண்டால மூஞ்சைப் பொத்திக்கினு ரொம்ப நேரம் அழுதாரு."

அதைச் சொல்ற மனுஷனுக்கு ரெண்டு கண்ணும் வீங்கிச் செவந்திருந்துது. கை காலைக் கழுவிக்கினு சாப்புட வாங்கன்னேன்.